சிறிய நாடகக் குழுவுக்கு எந்த மேடை வடிவமைப்பு மென்பொருள்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 20 பேருக்கும் குறைவான தன்னார்வ நாடகக் குழு. ஆண்டுக்கு 3 நாடகங்கள். சொந்த அரங்கம் இல்லை. ஒரு பொது மண்டபத்தில் காலையில் நுழைந்து, மாலையில் நாடகத்தை நடத்தி, இரவே எல்லாவற்றையும் பிரித்து ஏற்றிவிட வேண்டும். இதுவரை தாளில் வரைந்து சமாளித்தீர்கள். இப்போது நெறியாளர் காட்சியமைப்பை முன்கூட்டியே முப்பரிமாணத்தில் பார்க்க ஆசைப்படுகிறார். கணினி தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். தட்டிகளையும் மேடைகளையும் செய்து தரும் தச்சருக்குக் கணினியோடு பழக்கம் இல்லை. ஸ்கெட்ச்அப், பிளெண்டர், வெக்டர்வொர்க்ஸ் ஆகிய மூன்றில் எதை எடுப்பது?

என் பதில்: மண்டபத்தின் அடிப்படைத் தரைப்படத்துக்கு லிப்ரேகேட் என்ற இலவச வரைபட மென்பொருள், முப்பரிமாணத்துக்கு ஸ்கெட்ச்அப்பின் உலாவிப் பதிப்பு. இணையத் தொடர்பு நம்பகமாக இல்லையென்றால் ஸ்கெட்ச்அப்புக்குப் பதிலாக ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச வீட்டு வடிவமைப்பு மென்பொருள். வெக்டர்வொர்க்ஸ் இப்போதைக்கு வேண்டாம். பிளெண்டர், அதில் ஏற்கெனவே கை பழகியவர் குழுவில் இருந்தால் மட்டும்.

காரணம் சொல்கிறேன். எதில் படம் அழகாக வரும் என்று பார்த்துத்தான் பலரும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த மென்பொருளிலிருந்து வெளியே வரும் தாள் யார் கைக்குப் போகிறது என்பதை முதலில் பாருங்கள். உங்கள் குழுவில் அது தச்சரின் கைக்குப் போகிறது. அவருக்குச் சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழும் படம் எதற்கும் உதவாது. எத்தனை சட்டம், என்ன நீளம், எங்கே இணைப்பு என்பதுதான் வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு நாடகத்துக்கு, மாடிக்குப் படி ஏறும் வீட்டு முன்கூடம் ஒன்றைப் பிளெண்டரில் வரைந்தேன். மூன்று வாரம் போனது. படம் அவ்வளவு நன்றாக வந்தது. குழுவில் எல்லோரும் அதைக் கைபேசியில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டார்கள். தச்சர் படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒரு படி எவ்வளவு உயரம்?" கண்ணுக்கு நன்றாக இருந்த அளவில் படிகளை இழுத்து வைத்திருந்தேனே தவிர, அளந்திருக்கவில்லை. அளந்து பார்த்தால், 1.66 மீட்டர் உயரத்தை 7 ஏற்றங்களில் முடித்திருந்தேன். ஒரு படி 23.7 சென்டிமீட்டர். வீட்டுப் படிகள் பொதுவாக 17, 18 சென்டிமீட்டரில் இருக்கும். கதாநாயகி தரை புரளும் உடையில் அதில் இறங்க வேண்டும், அதுவும் அழுதுகொண்டே.

திருத்தினோம். 10 ஏற்றம், ஒவ்வொன்றும் 16.6 சென்டிமீட்டர். கால் வைக்கும் பலகையின் அகலத்தை 25 சென்டிமீட்டரிலிருந்து 28 ஆக்கினோம். ஆறு பலகைகளில் 1.5 மீட்டர் நீளத்துக்குள் முடிந்திருந்த படிக்கட்டு, ஒன்பது பலகைகளாகி 2.52 மீட்டர் ஆனது. கூடுதலான அந்த 1 மீட்டர், வலப்பக்கக் கதவு திறக்கும் இடத்தை விழுங்கியது. கதவை இடப்பக்கம் மாற்றினோம். நாடகத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது மூன்று நடிகர்கள் தங்கள் வருகையை மறுபடி ஒத்திகை பார்த்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது விவரிக்க வேண்டாம்.

பிளெண்டர் மேல் குற்றமில்லை. அதில் அளவு கொடுத்தும் வரையலாம். ஆனால் அது அசைவூட்டத்துக்கும் காட்சிப் படத்துக்கும் வளர்ந்த கருவி. நீங்கள் அளவு கேட்காத வரை அதுவும் உங்களிடம் கேட்காது. 2019இல் வந்த 2.80 பதிப்புக்குப் பிறகு புதியவர்களுக்கு முன்பைவிட எளிதாகிவிட்டது என்பது உண்மை. அப்படியும், அதில் ஒரு தட்டியின் அளவுப் படத்தைச் சரியான விகிதத்தில் அச்செடுக்க முயன்றால் ஒரு மாலை காணாமல் போகும். விளக்கின் நிறம் சுவரில் எப்படி விழும், ஒரு பக்க ஒளியில் தூணின் நிழல் எங்கே போகும் என்பவற்றைப் பார்க்க அதற்கு ஈடு இலவச உலகில் இல்லை. ஆகவே கடைசிக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கெட்ச்அப் எதற்கு என்றால், அது அளவைத் தட்டச்சு செய்ய வைக்கிறது. ஒரு செவ்வகம் வரைந்து, எண்ணை அடித்து, மேலே இழுத்து, இன்னொரு எண்ணை அடித்தால் மேடை முடிந்தது. முதல் மாலையிலேயே ஒரு அறை வரைந்துவிடலாம். நாற்காலி, மேசை, பழைய தொலைபேசி என்று பிறர் வரைந்துவைத்த பொருள்களின் பெரிய கிடங்கும் அதோடு வருகிறது. அதில் கொஞ்சம் கவனம் தேவை. கிடங்கிலிருந்து எடுத்த நாற்காலி சில சமயம் குழந்தை நாற்காலி அளவிலும் சில சமயம் யானைக்கு உரிய அளவிலும் இருக்கும். எடுத்த உடனே இருக்கையின் உயரத்தை அளந்து பாருங்கள். 45 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

புதியவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஸ்கெட்ச்அப்பில் தொட்டுக்கொண்டிருக்கும் வடிவங்கள் ஒட்டிக்கொள்ளும். சுவரோடு மேசையை ஒட்டி வைத்துவிட்டு, பிறகு மேசையை நகர்த்தினால் சுவரும் இழுபட்டு வரும். ஒவ்வொரு பொருளையும் வரைந்து முடித்தவுடன் தனிக் குழுவாகக் கட்டிவிடுங்கள். அதுவும் நிஜத்தில் எது தனித் துண்டாக வண்டியில் ஏறுமோ, அதையே கணினியிலும் ஒரு குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். "தட்டி 1", "தட்டி 2", "மேடை அ" என்று பெயரிட்டால் உங்கள் கோப்பே வண்டியில் ஏற்றும் பட்டியலாகிவிடும்.

அதன் குறைகள்: இலவசப் பதிப்பு உலாவியில்தான் ஓடும், கோப்பு அவர்களுடைய சேமிப்பகத்தில் இருக்கும், கட்டடக் கலைஞர்கள் தரும் டிடபிள்யூஜி வரைபடத்தை அதில் ஏற்ற முடியாது. உரிமமும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்தான்; டிக்கெட் விற்கும் குழு என்றால் உரிம நிபந்தனையை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். 2000இல் வெளிவந்த இந்த மென்பொருளை 2006இல் கூகுள் வாங்கியது, 2012இல் டிரிம்பிள் வாங்கியது. கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடிய இலவசப் பதிப்பு 2017க்கான வெளியீட்டோடு நின்றுபோனது. இலவசம் என்பது கொடுப்பவர் மனம் மாறும் வரைதான். பிளெண்டர் இதில் வேறு வகை: 2002இல் ஆர்வலர்கள் 100,000 யூரோ திரட்டிக் கொடுத்து, அதன் மூலநிரலையே பொதுவுக்குத் திறந்துவிட்டார்கள். இனி அதை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. லிப்ரேகேட், ஸ்வீட் ஹோம் 3டி இரண்டும் அப்படித் திறந்த மூலநிரல் கொண்டவையே.

ஸ்வீட் ஹோம் 3டியைச் சிலர் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவார்கள். பெயர் அப்படி. வீட்டு உள்ளலங்காரத்துக்காகச் செய்தது அது. ஆனால் சிறு குழுக்கள் போடும் நாடகங்களில் எத்தனை ஒரு வீட்டுக் கூடத்துக்குள்ளேயே நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேல்பாதியில் தரைப்படம் வரைய வரையக் கீழ்ப்பாதியில் முப்பரிமாணத் தோற்றம் தானே எழும். முன்சுவரை வரையாமல் விட்டால் அதுதான் மேடை. உள்ளே ஒரு மனிதனின் கண் உயரத்தில் நடந்தும் பார்க்கலாம். இணையம் வேண்டாம், சுமாரான கணினியே போதும். சாய்தளம், உடைந்த கோபுரம் போன்றவை வந்தால் திணறும். கணினி என்றாலே தயங்கும் நெறியாளரிடம் கொடுத்து, "சோபாவை நீங்களே நகர்த்திப் பாருங்கள்" என்று சொல்ல முடிகிற ஒரே மென்பொருள் இதுதான். இது சின்ன விஷயமில்லை.

வெக்டர்வொர்க்ஸ் பற்றி. 1985இல் மினிகேட் என்ற பெயரில் தொடங்கி, பிறகு மேடைக்கென்றே ஸ்பாட்லைட் என்ற தனிப் பதிப்பு வரை வந்த கருவி. விளக்குகளின் குறியீடுகள், இருக்கை வரிசை, தொங்கும் கம்பிகளின் சுமை என்று தொழில்முறை அரங்கத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் உண்டு. பெரிய அரங்கங்கள் அதைப் பயன்படுத்துவதில் நியாயம் இருக்கிறது. 12 விளக்கு வைத்திருக்கும் குழுவுக்கு அந்தச் சந்தா, சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டுவது போல. மாணவர்களுக்கு இலவச உரிமம் கிடைக்கிறதே என்று குழுவிலிருக்கும் கல்லூரி மாணவரை வைத்து ஓட்டலாம் எனத் தோன்றும். அந்த உரிமம் படிப்பதற்கு உரியது. படிப்பு முடிந்ததும் அவரும் போவார், கோப்பைத் திருத்தும் வழியும் போகும்.

இனி லிப்ரேகேட். முப்பரிமாணம் கிடையாது, முகமும் அழகாக இருக்காது. ஆனால் கோடு என்றால் கோடு, அளவு என்றால் அளவு. பழைய மடிக்கணினியிலும் ஓடும். டிஎக்ஸ்எஃப் என்ற பொது வடிவத்தில் சேமிப்பதால் நாளைக்கு எந்த வரைபட மென்பொருளுக்கு மாறினாலும் கோப்பு கூடவே வரும். இதில் நீங்கள் வரைய வேண்டியவை இரண்டு: மண்டபத்தை மேலிருந்து பார்க்கும் தரைப்படம், நடுவே வெட்டிப் பக்கவாட்டிலிருந்து பார்க்கும் வெட்டுப்படம். ஒருமுறை வரைந்தால் போதும். அடுத்தடுத்த நாடகங்களுக்கெல்லாம் அதுதான் அடித்தளம்.

வெட்டுப்படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மேடை தரையிலிருந்து 1 மீட்டர் உயரம். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர், அதாவது மேடைப் பலகையிலிருந்து வெறும் 20 சென்டிமீட்டர் மேலே. அவர் மேடை முகப்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறார். முகப்பில் குறுக்காகத் தொங்கும் கறுப்புத் துணியின் கீழ்விளிம்பு, மேடையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில். பின்திரை முகப்பிலிருந்து 6 மீட்டர் உள்ளே. கண்ணிலிருந்து துணியின் விளிம்பைத் தொட்டு ஒரு கோடு இழுங்கள். அது பின்திரை இருக்கும் இடத்தை 11.6 மீட்டர் உயரத்தில் வெட்டும். உங்கள் பின்திரை 5 மீட்டர் என்றால், அதற்கு மேலே மண்டபத்தின் மின்விசிறி, கம்பி, ஒட்டடை எல்லாம் முதல் வரிசைக்குத் தரிசனம்.

இப்போது முகப்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே, அதே 4 மீட்டர் உயரத்தில் இன்னொரு துணியைத் தொங்கவிடுங்கள். கோடு பின்திரையில் 7 மீட்டருக்கு இறங்கிவிடும். 4 மீட்டர் உள்ளே மூன்றாவது துணி: 5.1 மீட்டர். பின்திரையைச் சற்று உயர்த்தியோ மூன்றாவது துணியைக் கொஞ்சம் தாழ்த்தியோ விட்டால் கதை முடிந்தது. இந்தக் கணக்குக்கு எந்த முப்பரிமாண மென்பொருளும் தேவையில்லை. மூன்று கோடுகள் போதும். அதே கோடுகள் இன்னொன்றையும் சொல்லும். கண் மேடைப் பலகைக்கு 20 சென்டிமீட்டர் மேலேதான் இருக்கிறது என்றால், நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தரையில் தீட்டிய கோலம் முன்வரிசைக்கு ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும்.

பக்கவாட்டுக்கும் இதே வேலையைத் தரைப்படத்தில் செய்யுங்கள். முதல் வரிசையின் இரு ஓர இருக்கைகளிலிருந்து முகப்பின் விளிம்பைத் தொட்டுக் கோடு இழுத்தால், பக்கத் திரைக்குப் பின்னால் காத்திருக்கும் நடிகர் எதுவரை தெரிவார் என்பது வந்துவிடும். முப்பரிமாணப் படம் காட்டுகிறவர்கள் எப்போதும் நடு இருக்கையிலிருந்தே காட்டுவார்கள். மேடையே அங்கிருந்துதான் அழகு. ஸ்கெட்ச்அப்பில் பார்வை நிலைகளைச் சேமிக்கலாம் அல்லவா? முதல் வரிசை இடக்கோடி, முதல் வரிசை வலக்கோடி, கடைசி வரிசை நடு என்று மூன்று நிலைகளைச் சேமித்துவைத்து, நெறியாளருக்கு அந்த மூன்றையும் அனுப்புங்கள். நடு இருக்கைப் படத்தைக் கடைசியாகக் காட்டுங்கள்.

இதெல்லாம் மண்டபத்தின் அளவு சரியாக இருந்தால்தான். மண்டப நிர்வாகம் தரும் பழைய வரைபடத்தை நம்ப வேண்டாம். கட்டியபோது மாறியிருக்கும், பிறகு ஒரு தூண் முளைத்திருக்கும். இரண்டு பேர், ஒரு நீண்ட அளவு நாடா, ஒரு அரை நாள் போதும். மேடையின் அகலமும் ஆழமும் எடுத்தவுடன் இரண்டு மூலைவிட்டங்களையும் எடுங்கள். அவை சமமாக இல்லையென்றால் மேடை சதுரம் தப்பியிருக்கிறது என்று அர்த்தம். பழைய மண்டபங்களில் இது சகஜம். மேலே தொங்குவதில் மிகத் தாழ்வானது எது, மின் இணைப்புகள் எங்கே, பக்கவாட்டில் நடிகர் நிற்க எவ்வளவு இடம் என்பவற்றையும் குறியுங்கள். கைபேசிச் செயலிகளின் அளவு ஒரு குத்துமதிப்புக்குச் சரி. தச்சருக்குக் கொடுக்க வேண்டாம்.

கூடவே, எல்லோரும் மறக்கும் அளவு ஒன்று: வண்டி நிற்கும் இடத்திலிருந்து மேடை வரையுள்ள ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு திருப்பமும். பிளைவுட் பலகை 4 அடிக்கு 8 அடி, அதாவது சுமார் 1.22க்கு 2.44 மீட்டர். அதே அளவில் மேடைத் துண்டுகளைச் செய்வது சிக்கனம். ஆனால் 1.2 மீட்டர் அகலமுள்ள நடைபாதையின் முனையில் அந்தத் துண்டு திரும்புமா? அந்த நடைபாதையையும் தரைப்படத்தில் வரைந்து, செவ்வகத்தை நகர்த்தித் திருப்பிப் பாருங்கள். கணினியில் மாட்டிக்கொண்டால் இரண்டாகப் பிரித்துச் செய்யச் சொல்லலாம். நடைபாதையில் மாட்டிக்கொண்டால் ரம்பம்தான்.

அச்சு விஷயத்துக்கு வருகிறேன். 1:50 விகிதத்தில் ஏ4 தாளின் நீளவாட்டில் கிட்டத்தட்ட 14 மீட்டர் அடங்கும். சாதாரண மண்டப மேடை முழுதும் வந்துவிடும். நுணுக்கம் வேண்டுமென்றால் 1:25இல் ஏ3 தாள், 10 மீட்டர் வரை. அச்சிடும்போது திரையில் தோன்றும் பெட்டியில் "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வு இயல்பாகவே போட்டிருக்கும், அதை எடுத்துவிடுங்கள். அது படத்தை ஓசையில்லாமல் ஒரு சில விழுக்காடு சுருக்கிவிடும், தச்சர் அளவுகோல் வைத்து எடுக்கும் ஒவ்வொரு அளவும் பொய்யாகும். காவலுக்கு, படத்தின் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று போட்டு, "இது 10 செ.மீ. இருக்கிறதா என்று பார்க்கவும்" என்று எழுதிவிடுங்கள். அப்படியும் முக்கிய அளவுகளை எண்ணாகவே எழுதுவதுதான் முறை. தச்சருக்கு ஒரு துண்டுக்கு ஒரு தாள்: முன்தோற்றம், பக்கத்தோற்றம், எண்ணிக்கை, கீழே "பின்பக்கம் பூச வேண்டாம்" மாதிரி ஒரு வரி. அவர் அடியில் வேலை செய்கிறவர் என்றால் அடியிலேயே கொடுங்கள். மீட்டரை அடியாக்கும் வேலையை அவர் தலையில் கட்டினால் பிழையும் அங்கேதான் வரும்.

அச்செடுத்த 1:25 தாளை அட்டையில் ஒட்டி வெட்டி நிறுத்தினால் அதுவே மாதிரி. 1.7 மீட்டர் நடிகர் 6.8 சென்டிமீட்டர் அட்டை மனிதனாக நிற்பார். ஒத்திகை இடத்தில் ஆறு பேர் சுற்றி நின்று, விரலால் சுவரை நகர்த்திப் பேசும்போது கிடைக்கும் முடிவுகள் திரையைச் சுற்றி நிற்கும்போது கிடைப்பதில்லை. திரையில் சுட்டியைப் பிடித்தவர் ஒருவரே பேசுகிறார். அட்டை மாதிரியைக் கைவிடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

சொற்களைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றியும் கேட்பீர்கள். மனநிலை, நிறம் பற்றிப் பேச்சைத் தொடங்க நல்லவை. அந்தப் படத்துக்கு அளவு கிடையாது, பின்பக்கம் கிடையாது, பல சமயம் படிக்கட்டு போகும் இடமும் கிடையாது. நெறியாளர் அதில் மனம் பறிகொடுத்துவிட்டால் பிறகு உங்கள் பாடு. தரைப்படம் முடிவாகும் வரை அவர் கண்ணில் காட்டாமல் இருப்பது நல்லது.

விளக்குக்குத் தனி மென்பொருள் இப்போதே வேண்டாம். தரைப்படத்தின் நகலில் விளக்குகளைக் குறித்து எண் போட்டு, ஒரு அட்டவணையில் எந்த எண், எந்த நிறம், எதை நோக்கி என்று எழுதினால் போதும். டிஎம்எக்ஸ் (மேடை விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சமிக்ஞை முறை) வழியாக இயங்கும் விளக்குகள் வந்தபின் கியூஎல்சி பிளஸ் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள்.

கோப்புகளை யார் பெயரில் வைப்பது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். எங்கள் குழுவில் வரைந்துகொண்டிருந்தவர் வேலை மாறி வெளியூர் போனார்; நான்கு ஆண்டு வரைபடங்கள் அவருடைய சொந்தக் கணக்கில். நல்ல மனிதர், கேட்டதும் கடவுச்சொல்லைத் தேடினார், அவருக்கே நினைவில்லை. மண்டபத்தை மறுபடி அளந்தோம். குழுவின் பெயரில் ஒரு மின்னஞ்சல், அதில் மென்பொருள் கணக்கு, ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் மூலக்கோப்போடு ஒரு பிடிஎஃப் நகல். பிடிஎஃப்பைத் திறக்க எந்த மென்பொருளும் தெரிந்திருக்க வேண்டாம்.

கடைசியாக, எதை வைத்துச் சோதிப்பது. புது நாடகத்தை எடுக்காதீர்கள். போன முறை போட்டு முடித்த நாடகத்தை எடுங்கள். அதன் மேடையை ஸ்கெட்ச்அப்பில் இரண்டு மாலை, ஸ்வீட் ஹோம் 3டியில் இரண்டு மாலை வரையுங்கள். அதில் எது இடித்தது, எது தெரியாமல் போனது, யார் எதில் தடுக்கி விழுந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கோளாறுகள் திரையில் உங்கள் கண்ணில் படுகின்றனவா என்று பாருங்கள். எதில் முதலில் படுகிறதோ, அதை வைத்துக்கொள்ளுங்கள்.